நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஏழு கடிதங்கள்

கொரோனா முடிந்து பள்ளிகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய இரண்டாவது வருடம் அது. போடிநாயக்கனூரில் ஒரு தனியார் நிர்வாகப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். தபால் வழியில் உளவியல் ஆலோசனை என்று ஒரு வருடப் படிப்பும் முடித்திருந்தேன். அதைக் காரணம் காட்டி அந்த ஜூன் மாதம் 'மாணவர் ஆலோசகர்' என்ற பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். நூலகத்தை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலி, கதவில் என் பெயர்ப் பலகை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தப் பலகையைப் பற்றி மட்டும் என் கணவரிடம் பத்து நிமிடம் பேசினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முதல் ஆறு மாதம் அந்த அறைக்கு வேலையே இல்லை. பென்சில் திருடியவன், வகுப்பில் மயங்கி விழுந்தவள் என்று யாராவது வருவார்கள். நான் இரண்டு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவேன். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்த கையோடு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். ஒரு தாளில் ஏழு பெயர்கள். எல்லாம் பத்தாம் வகுப்பு.

"இந்த ஏழு பேருக்கும் கவுன்சிலிங் குடுத்துருங்க டீச்சர். பெத்தவங்களையும் வரச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கடைசியில் நம் படிப்புக்கு ஒரு வேலை வந்ததே என்று நினைத்தேன். புது நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளைகளிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்தேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், வீட்டில் யார் யார், எந்தப் பாடம் வந்தால் பயமாக இருக்கிறது, இப்படி. மறுநாள் அலுவலக எழுத்தர் என் மேசையில் ஏழு கடிதங்களைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் கணினியில் அடித்து எடுத்தவை. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகன் / மகள் இப்பள்ளியில் தொடர இயலாததால் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அதற்கும் கீழே, 'ஆலோசகர் முன்னிலையில்' என்று இன்னொரு கோடு.

தலைமையாசிரியரிடம் ஓடினேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாகவே விளக்கினார். பள்ளி வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வருடா வருடம் பேனர் கட்டுகிறோம். இந்த ஏழு பேர் எழுதினால் அது போய்விடும். "நாமளா வெளிய அனுப்பக் கூடாது டீச்சர், சட்டம் இருக்கு. அவுகளாக் கேக்கணும். கேக்க வைக்கிறதுதான் ஒங்க சோலி. பசங்க பிரைவேட்டா எழுதிக்கிரட்டும். அதே சர்டிபிகேட்டுதான."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாறாக, அன்று ராத்திரி முழுவதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தோற்றுப்போய் அவமானப்படுவதைவிட இது நல்லதுதானே, இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துப் படிக்கட்டுமே என்று. படித்தவர்களுக்குத் தங்கள் கோழைத்தனத்துக்கு நல்ல பெயர் வைக்கத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

பொங்கலுக்கு முன்பே ஆறு பேருடைய பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. ஒருவர் மட்டும் மகனை என் முன்னாலேயே அடித்தார். நோட்டில் எழுதி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூட அந்த ஆறு பேரிடம் நான் கேட்கவில்லை. அதற்கு அங்கே இடமே இல்லை.

ஏழாவது ஒரு பெண். வகுப்பில் இருக்கிற இடம் தெரியாது. கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், பரீட்சைத் தாளில் பாதியை வெள்ளையாக விட்டுவிடுவாள். 'படிப்பில் ஆர்வமற்றவர், கற்றல் திறன் குறைவு' என்று அவளுடைய கோப்பில் எழுதியிருந்தேன். எழுதியது நான்தான். அவளுடைய அம்மா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் பூப்பாறை போகும் வழியில் உள்ள ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் வேலைக்குப் போகிறவர். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், ஒரு வியாழக்கிழமை வந்தார்.

அந்த அம்மா உள்ளே வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பொங்கலுக்கு எடுத்த புதுச்சேலை, மஞ்சள் பூசிய முகம், தலையில் பூ. கையில் ஜவுளிக்கடைப் பை. உட்காரச் சொல்வதற்குள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மகளின் பழைய பள்ளிக் காகிதங்கள், பாஸ்போர்ட் அளவு போட்டோ நான்கு.

"கவுன்சிலிங்குன்னா எல்லாச் சர்டிபிகேட்டும் கேப்பாகன்னு எங்க கங்காணி மக சொல்லுச்சு டீச்சர். அது போன வருசம் கவுன்சிலிங்கு போயித்தான் சீட்டு வாங்குச்சு. எம்புள்ளைக்கு எந்தக் காலேசு கெடைச்சிருக்கு? மதுரைக்குள்ளன்னா தேவல."

வாசலில் நின்ற எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலேஜ் கிடைக்காது என்பதுகூட அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை என்று அவருக்குச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. ஆனால் அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

காலேஜ் இல்லையம்மா, பிள்ளை படிப்பில் பின்தங்கியிருக்கிறாள், இங்கே எழுதுவதைவிடப் பிரைவேட்டாக எழுதினால் நிதானமாகப் படிக்கலாம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். அந்த அம்மா கவனமாகக் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார், "பிரைவேட்டுன்னா இன்னும் ஒசத்தியா டீச்சர்?"

இல்லை என்று சொல்லவில்லை. எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினேன். அவர் எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கீழே நான் சரசரவென்று கிறுக்கினேன். அதுவரை சுவரோடு ஒட்டி நின்றிருந்த அந்தப் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் இன்னும் பரிச்சையே எழுதலையே டீச்சர்."

அம்மா பார்த்துக்கொள்வார்கள், நீ வகுப்புக்குப் போய்ப் பையை எடுத்து வா என்றேன். ஒரு பிள்ளை நியாயத்தைக் கேட்கும்போது பெரியவர்கள் எப்போதும் வேறு எதையாவது எடுத்து வரச் சொல்கிறோம்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. பிரைவேட் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் எப்போது தருவார்கள், எங்கே போய் வாங்க வேண்டும் என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஏழு குடும்பங்களுக்கு நான் சொன்ன அந்தப் பிரைவேட் தேர்வைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது. எப்போது விண்ணப்பிக்க வேண்டும், என்ன விதி, எதுவுமே தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தேனியில் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் நல்லவர், நிதானமாகவே சொன்னார். "அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டும்மா. தனித்தேர்வரா எழுதுறவங்க அதுக்கு மொதல்லயே பதிஞ்சு வகுப்புக்குப் போயிருக்கணும். அந்தத் தேதியெல்லாம் போன வருசமே முடிஞ்சு போச்சு. இனி அடுத்த வருசந்தான்."

அடுத்த வருடம். மலைக்கு வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு வருடம் சும்மா இருக்கிற பிள்ளை திரும்பவும் புத்தகத்தை எடுக்கும் என்று நம்ப நான் என்ன பைத்தியமா? பள்ளிக்குத் திரும்பியதும் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார். தெரியும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும்.

"அடுத்த வருசம் எழுதட்டும், இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?" என்றார். நான் விடாமல் பேசவே, டம்ளரைக் கீழே வைத்தார். "டீச்சர், நான் யாருக்கும் எதுவும் சொல்லல. சொன்னது நீங்க. கடுதாசியில இருக்குற கையெழுத்தும் ஒங்களுது. பாத்துப் பேசுங்க."

அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது. கதவில் பெயர்ப் பலகை எதற்கு மாட்டினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தோட்ட ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்குப் போனேன். வண்டி எடுக்கும் முன்னால் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். அந்த அம்மா ஜீப்பின் பின்பக்கம் நெருக்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பழைய ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, மடியில் சாப்பாட்டு வாளியோடு அந்தப் பெண். பத்தாம் வகுப்பு. இரண்டு வாரத்தில்.

"ஏறுங்க டீச்சர், மேல போயிப் பேசிக்கிருவோம். வண்டி நிக்காது, வெரசா ஏறுங்க" என்று அந்த அம்மா கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஏறிவிட்டேன். பதினான்கு பெண்களுக்கு நடுவில் முந்தல் செக்போஸ்ட் தாண்டி வளைவுக்கு வளைவு ஏறினோம். யாரோ ஒரு அக்கா, "எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்?" என்று கேட்டார். சொன்னதும் எல்லோரும் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர் முன்னால் எல்லோரும் இறங்கினோம். நல்ல குளிர். சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது, முழுக்க மலையாளத்தில். பெண்கள் அதைச் சுற்றி நின்று, "ஏ பாப்பா, இங்க வா, என்ன போட்டுருக்கான்னு பாரு" என்று அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டார்கள். அவள் முன்னால் போனாள். ஒரு தடவை மேலிருந்து கீழ் கண்ணை ஓட்டினாள். பிறகு திரும்பித் தமிழில் கடகடவென்று சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாள் ஓடைப் பக்கத்துக் காட்டில் மருந்து அடிக்கப் போகிறார்கள், அந்தப் பக்கம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது, கைக்குழந்தை உள்ளவர்களுக்கு மேல்காட்டில் வேலை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு அக்கா சந்தேகம் கேட்டார். அவள் மறுபடியும் அறிவிப்பைப் பார்த்து அந்த வரியை மட்டும் நிறுத்தி விளக்கினாள்.

வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் வியர்த்து விறுவிறுத்து நிற்கிற பெண் இவள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒனக்கு மலையாளம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

என்னை விநோதமாகப் பார்த்தாள். "நான் ஏழாப்பு வரைக்கும் இங்கதான் டீச்சர் படிச்சேன். மலையாள ஸ்கூலு. நாங்க அப்ப இந்தத் தோட்டத்து லயன் வீட்டுலதான் குடியிருந்தோம். கொரோனாவுல போடிமெட்டை அடைச்சாங்கள்ல, அப்ப போடிக்கு எறங்கினோம்."

எட்டாம் வகுப்பு முழுவதும் பள்ளிகள் மூடிக் கிடந்தன. போனில் பாடம், இவளுக்குப் போன் கிடையாது. ஆக, இவள் தமிழில் பாடப்புத்தகம் வாசிக்கத் தொடங்கியதே ஒன்பதாம் வகுப்பில்தான். கணக்கு வராதா என்று கேட்டேன்.

"கணக்கு வரும் டீச்சர். மனசுக்குள்ள மலையாளத்துலதான் போடுவேன். கேள்வியத்தான் வாசிக்க நேரமாவுது. அப்புறம் அங்க சதுரம்னா நம்ம செவ்வகம். இங்க சதுரம்னா நாலு பக்கமும் ஒரே அளவு. சதுரத்தோட ஒரு பக்கம் இவ்வளவுன்னு கேள்வி வரும், இன்னொரு பக்கம் எவ்வளவுன்னு போடவே இல்லையேன்னு விட்டுருவேன். அது தெரியவே எனக்கு ஒரு வருசமாச்சு."

சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் வித்தியாசம் தெரியாத கழுதை என்று கணக்கு ஆசிரியர் இவளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியதும், ஆசிரியர் அறையில் அதைச் சொல்லி எல்லோரும் சிரித்ததும் எனக்குத் தெரியும். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "யாரும் கேக்கலையே டீச்சர்" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அவள் ஏழாம் வகுப்பு வரை எங்கே படித்தாள் என்பது சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. பழைய பள்ளியின் காகிதத்தை அவள் அம்மா அன்றைக்கு என் மேசையிலேயே எடுத்து வைத்தார். நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் செடிகளுக்குள் போன பிறகு, அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வருடம் எழுத முடியாது என்பதை, பேனரை, என் பங்கை, எதையும் மறைக்கவில்லை. அவர் குனிந்து ஏலச் செடியின் அடியில் காய் எடுத்துக்கொண்டே கேட்டார். நிமிரவே இல்லை. கடைசியில் என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"படிச்சவுக சொன்னீக, போட்டேன். நீங்க சொன்னதுக்காகத்தான் போட்டேன். வேற யாரு சொல்லிருந்தாலும் எங்க தோட்டத்துல நாலு பேரைக் கேட்டுட்டுத்தான் போட்டிருப்பேன்." கையிலிருந்த காயைக் கூடையில் போட்டார். "மன்னிப்பெல்லாம் எதுக்கு டீச்சர்? அந்தக் கடுதாசியத் திருப்பி வாங்கிக் குடுங்க."

அழுதிருந்தாலோ ஏசியிருந்தாலோ எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கீழே இறங்குகிற பஸ்சில் அந்த ஒரு வாக்கியம்தான் காதுக்குள் ஓடியது. நான் வருத்தப்படுவதால் அவருக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. கடிதம் வேண்டும்.

என் கணவருக்குப் பஜாரில் சின்னக் கடை. கடை இருக்கும் கட்டடம் பள்ளித் தாளாளரின் மச்சினருடையது. இதை நான் புகாராக எழுதினால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "யோசிச்சுச் செய்யி" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் வீட்டில் சரியான பேச்சு இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து வந்தவர், நான் எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தையும் உட்கார்ந்து வாசித்தார். "வா, தேனிக்கு நானே கொண்டாந்து விடுறேன்" என்று பைக் சாவியை எடுத்தார்.

ஏழு கடிதங்களும் பெற்றோர் தாங்களாகக் கொடுத்தவை அல்ல, பள்ளி அடித்துக் கொடுத்தவை, நான் தவறான தகவலைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன் என்று எழுதி, கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த அம்மாவும் தனியாக ஒரு மனு கொடுத்தார். ஒரு வாரத்தில் எல்லோரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

தலைமையாசிரியர் வெள்ளைச் சட்டையில், கையில் கோப்போடு, நிதானமாக வந்தார். பெற்றோரே விரும்பி எழுதிக் கொடுத்தது, ஆலோசகர் முன்னிலையில் நடந்தது, இப்போது அந்த ஆலோசகருக்கு நிர்வாகத்தோடு ஏதோ மனத்தாங்கல் என்றார். விசாரித்த அதிகாரி ஒரு பெண். கடிதத்தை அந்த அம்மாவிடம் கொடுத்து, "நீங்க எழுதுனதுதான, வாசிங்கம்மா" என்றார். அந்த அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தார். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"இது யாரு குடும்பத்துல? எங்க வீட்டுல ஒரு சூழ்நிலையும் இல்லையே" என்றார்.

அதிகாரி மற்ற ஆறு கடிதங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஏழு குடும்பம், ஏழிலும் அதே சூழ்நிலை, அதே வாக்கியம், ஒரு புள்ளி மாறாமல்.

தேர்வர் பட்டியலில் திருத்தம் செய்ய இன்னும் சில நாள் மிச்சம் இருந்தது. ஏழு பேரையும் திரும்பச் சேர்க்க வேண்டும், இந்தப் பள்ளியிலேயே எழுத வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அந்தப் பெண்ணையும் சேர்த்து நான்கு பேர்தான் வந்தார்கள். ஒரு பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். இனி வரமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டான். அப்பாவிடம் என் முன்னால் அடி வாங்கியவன் அவன்தான். இன்னொருவன் லோடு வண்டியில் ஏறிவிட்டான், எந்த ஊரில் இருக்கிறான் என்று வீட்டுக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் குடும்பம் வேறு ஏதோ எஸ்டேட்டுக்குக் குடி மாறியிருந்தது. குரங்கணியிலும் மேலே இரண்டு மூன்று தோட்டங்களிலும் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

திரும்பி வந்த நான்கு பேரையும் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆசிரியர்கள் சிலர் அவர்கள் பக்கம் பார்க்கவே மாட்டார்கள். என் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு அந்த அறையில் பழைய பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டினார்கள். மதிய இடைவேளையில் நானும் அந்தப் பெண்ணும் மரத்தடியில் உட்கார்ந்து கணக்கிலும் அறிவியலிலும் வருகிற சொற்களை இரண்டு மொழியிலும் எழுதினோம். அவள் மலையாளத்தில் சொல்வாள், நான் தமிழில் எழுதுவேன். பக்கத்தில் தமிழ்ச் சொல்லைப் பத்து தடவை வாசிப்பாள். மீதி மூன்று பேரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் பாதிச் சொற்கள் புரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ரிசல்ட் வந்தபோது அந்தப் பெண் கணக்கில் வகுப்பிலேயே முன்வரிசை மதிப்பெண் எடுத்திருந்தாள். தமிழில் தோற்றிருந்தாள். இரண்டு மாதத்துக்குள் துணைத்தேர்வு எழுதி அதையும் தேறினாள். அந்த வருடம் பள்ளி வாசலில் பேனர் கட்டவில்லை. அந்த டீச்சரால்தான் போச்சு என்று ஊரில் சொன்னார்கள். ஜூனில் எனக்கு வேலை இல்லை. கடையையும் வேறு தெருவுக்கு மாற்றினோம். அதைப் பற்றி என் கணவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது வேறு ஊரில், வேறு பள்ளியில், அதே வேலை பார்க்கிறேன். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிற ஆசிரியர்கள் சிலர் போன் செய்து யோசனை கேட்கிறார்கள். பெரிய உளவியலெல்லாம் எனக்குத் தெரியாது. மதிப்பெண் பட்டியலைத் திறக்கும் முன்னால் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள் என்பேன். பிள்ளை எந்த ஊரிலிருந்து, எந்த மொழியிலிருந்து, யாரோடு வந்திருக்கிறது என்று அதில் பாதி இருக்கும், மீதியைப் பிள்ளையிடம் தனியாக, கதவுக்கு வெளியே யாரையும் நிற்க விடாமல் கேளுங்கள். தேதியோ விதியோ அதற்குரிய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யாமல் எந்தப் பெற்றோரிடமும் வாயைத் திறக்காதீர்கள், ஏனென்றால் உங்களை நம்பி அவர்கள் வேறு யாரையும் கேட்க மாட்டார்கள். அவர்கள் தங்கள் வாயால் வாசித்துப் புரிந்துகொள்ளாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்காதீர்கள். ஆர்வமில்லை, திறனில்லை என்று கோப்பில் எழுத வேண்டுமென்றால், அதைக் கண்டுபிடிக்க நீங்கள் என்னென்ன கேட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நான் அப்படி எழுத வேண்டியிருந்தால் அந்தப் பக்கம் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பெண் இப்போது தேனியில் நர்சிங் படிக்கிறாள். எப்போதாவது போன் செய்வாள். அவள் பேசி முடித்துப் போனை வைத்ததும் எனக்கு அவள் நினைவு வருவதில்லை, வராமல் போன அந்த மூன்று பேரின் நினைவுதான் வரும். அவர்களுடைய வீட்டில் என்ன நடந்தது, எந்தக் கேள்வி அவர்களுக்குப் புரியவில்லை, எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அந்தத் தலைமையாசிரியர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும், ஆனால் அந்தக் கோபம் பாதி வழியிலேயே என் பக்கம் திரும்பிவிடும். பிள்ளைகளுக்கு வழி சொல்லும் நாற்காலியில் உட்காருகிற எவரும், அதை யாருக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்காமல் உட்கார்ந்தேன், அதன் பலனை அனுபவித்தது நான் இல்லை.